அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டல் வந்தால் செய்யக் கூடாதவை

இன்ஸ்டாகிராமில் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பிள்ளையோடு பழகுகிறார். பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறுகிறது, ஓர் அந்தரங்கப் படம் போகிறது. உடனே பிள்ளையின் ஃபாலோயர் பட்டியலைக் காட்டி, "பணம் போடு, இல்லையென்றால் எல்லோருக்கும் அனுப்புவேன்" என்று மிரட்டல். படமே அனுப்பாத பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. டிபியை வைத்தே ஏஐயில் போலி நிர்வாணப் படம் செய்துவிடுகிறார்கள்.

பதற்றத்தில் பலரும் முதலில் சாட் உரையாடலை அழிக்கிறார்கள், கணக்கையே மூடுகிறார்கள். போலீஸிடம் காட்ட இருந்த ஒரே ஆதாரம் அதோடு போய்விடும். முதலில் மிரட்டல் மெசேஜ்களைத் தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மிரட்டுபவரின் யூசர்நேம், புரொஃபைல் லிங்க், போன் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். டிபியும் பெயரும் யாருடையதாகவும் இருக்கலாம், அவற்றை நம்பிப் பயனில்லை. பிறகு ரிப்போர்ட், கடைசியாக பிளாக்.

பணம் போடாதீர்கள். 500 ரூபாய் கிடைத்தால் அடுத்து 5,000 கேட்பார்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணோடு உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறிவிட்டால் முடக்குவது கடினம்.

சாட்சிக்கு இருக்கட்டும் என்று அந்தப் படத்தைச் சித்தப்பாவுக்கோ ஆசிரியருக்கோ அனுப்புவது நல்லெண்ணத்தில் செய்யும் பெரிய தவறு. 18 வயது நிரம்பாதவரின் ஆபாசப் படத்தைப் பகிர்வது போக்சோ சட்டம் 15-ஆம் பிரிவிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவிலும் குற்றம். அத்தகைய படங்களைப் போனில் வைத்திருந்த வழக்கொன்றில், வெறுமனே வைத்திருப்பது குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பை, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

படம் பிள்ளையின் போனில் மட்டும் இருக்கட்டும். அதற்கு ஒரு தேவை இருக்கிறது. குழந்தைகள் பாதுகாப்புக்கான அமெரிக்க மையம் ஒன்று 2023-இல் தொடங்கிய 'டேக் இட் டவுன்' தளம், படத்தைக் கேட்பதில்லை. போனிலேயே அதற்கு 'ஹேஷ்' எனும் எண் அடையாளத்தை உருவாக்கி, அதை மட்டும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவற்றுக்குத் தருகிறது. அதே படம் அங்கே வந்தால் கண்டுபிடித்து நீக்க அது உதவும். கட்டணமில்லை, பெயரும் சொல்ல வேண்டாம். வாட்ஸ்அப் சாட்டுக்குள் மட்டும் இது எட்டாது.

ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே என்று புகாரைத் தள்ளிப்போடுகிறார்கள். போக்சோ 24-ஆம் பிரிவின்படி, பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம்.

திட்டாதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். அடுத்த மிரட்டல் வந்தால் பிள்ளை உங்களிடம்தான் வர வேண்டும். மானத்துக்குப் பயந்து உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கும் நேரம் இது. அன்றிரவு பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் 24 மணி நேரமும் உண்டு.