ஸ்ரீவித்யா உபாசனை: குருமரபைத் தேடுவது முதல் நாற்பதாம் நாள் வரை

தந்திர மார்க்கம் என்றதும் மயானத்தையும் மாந்திரீகத்தையும் நினைப்பவர்களுக்கு, தங்கள் தெருவிலேயே ஒருவர் அலுவலகம் கிளம்புமுன் தேவியின் யந்திரமான ஸ்ரீசக்கரத்துக்குக் குங்கும அர்ச்சனை செய்துகொண்டிருக்கக்கூடும் என்பது வியப்பளிக்கும். லலிதா திரிபுரசுந்தரியை அந்தச் சக்கரத்தில் வழிபடும் தந்திர மரபே ஸ்ரீவித்யை. தமிழ்நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கும் அந்த மரபு பெரும்பாலும் இல்லறத்தாரால் காக்கப்பட்டு வருவது. 18ஆம் நூற்றாண்டில் சூரத்தில் சிவதத்த சுக்லரிடம் தீட்சை பெற்று, பின்னர் காவிரிக் கரையில் குடியேறிய பாஸ்கரராயரின் சீடர் உமானந்தநாதர் நித்யோத்ஸவம் என்ற பூஜைப் பத்ததியை (செய்முறை நூலை) எழுதினார். இங்குள்ள மண்டலிகள் (உபாசகர் குழுக்கள்) பலவற்றின் வழிபாடு அந்நூலையும், அதற்கு மூலமான பரசுராம கல்பசூத்திரத்தையும் ஒட்டியே நடக்கிறது.

இந்தப் பதிவில் மந்திரம் எதையும் எழுதவில்லை. ஏட்டில் பார்த்துக் கற்ற மந்திரத்தை ஜபிப்பதைக் குலார்ணவ தந்திரம் என்ற பழைய தந்திர நூல் கடுமையாகக் கண்டிக்கிறது. குருவிடம் மந்திரம் பெறும் தீட்சைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றையே இங்கே சொல்கிறேன்.

முதற்படி: தீட்சைக்கு முன்

லலிதா சஹஸ்ரநாமத்தை மூன்று மாதம், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அமர்ந்து பாராயணம் செய்து பாருங்கள். தீட்சையில்லாமல் அதைப் படிக்கலாமா என்பதில் பெரியவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தயக்கமிருந்தால் அபிராமி அந்தாதியின் நூறு பாடல்கள் போதும். தினமும் அரைமணி நேரம் ஒதுக்க முடியாதவருக்கு மந்திர ஜபமும் நிலைக்காது என்பதைப் பிறர் சொல்லாமலே இதில் அறிந்துகொள்ளலாம்.

இரண்டாம் படி: எங்கே தேடுவது

இணைய விளம்பரத்தைவிட, பௌர்ணமியிலும் நவராத்திரியிலும் வீடுகளிலும் மண்டலிகளிலும் நடக்கும், ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது சுற்றுகளையும் வழிபடும் நவாவரண பூஜையே நல்ல வாசல். சென்னையில் குஹானந்தநாதர், அவர் சீடர் சிதானந்தநாதர் வழிவந்தவர்கள் இருக்கிறார்கள். ஆந்திரத்தில் அனகாபல்லிக்கு அருகே, அம்ருதானந்தநாதர் நிறுவிய தேவிபுரத்தில் ஸ்ரீமேரு (ஸ்ரீசக்கரத்தின் முப்பரிமாண உரு) வடிவிலேயே கோயில் எழுப்பப்பட்டிருக்கிறது. இத்தகைய இடங்களுக்கு முதலில் பார்வையாளராகப் போய், பூத்தொடுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் உதவுங்கள். பூஜை முடிந்தபின் குருவும் சீடர்களும் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுகிறார்கள், வசதி குறைந்தவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதைச் சமையலறையில் நின்றால் தெளிவாகக் காணலாம்.

மூன்றாம் படி: கேட்க வேண்டியவை

உரிய நேரம் பார்த்து, பணிவோடு, ஆனால் தயங்காமல் கேளுங்கள். முதற்கேள்வி, அவருடைய குரு, பரமகுரு (குருவின் குரு), பரமேஷ்டி குரு (பரமகுருவின் குரு) ஆகிய மூவரின் தீட்சா நாமங்கள் என்ன என்பது. குருவின் திருவடியைப் போற்றும் குருபாதுகா மந்திரத்தோடு இம்மூவரையும் நாள்தோறும் நினைப்பது உபாசகரின் கடமை என்பதால், முறையாகத் தீட்சை பெற்றவர் இதற்கு யோசிக்க வேண்டியதில்லை. கனவில் தேவியே உபதேசித்தாள் என்ற பதில் வந்தால், அவர் பெரிய மகானாகவே இருந்தாலும், பரம்பரையைத் தேடி வந்தவருக்கு அது விடையாகாது. அடுத்து, அங்கே மந்திரம் ‘க’வில் தொடங்கும் காதி வித்தையா, ‘ஹ’வில் தொடங்கும் ஹாதி வித்தையா, வழிபாட்டு நெறி தட்சிணாசாரமா, சமயாசாரமா, கௌலாசாரமா என்று விசாரியுங்கள். மது, மாமிசம், மீன், முத்திரை, மைதுனம் என்ற பஞ்ச மகாரத்தை அந்த மரபு நேராகக் கொள்கிறதா, பிரதிநிதிப் பொருள்களால் ஈடுசெய்கிறதா, அகப்பொருளாக மட்டும் பார்க்கிறதா என்பதும் தீட்சைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மந்திரத்தை மறைப்பது மரபு. குருவின் நடத்தையை மறைக்கச் சொல்வது மரபன்று. வாழ்க்கைத் துணைக்குத் தெரியாமல் வரச் சொல்வது, தனியறை, கட்டணப் பட்டியல், இரண்டே நாளில் ஷோடசி (பஞ்சதசிக்கும் மேலான பதினாறெழுத்து மந்திரம்) என்ற வாக்குறுதி ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள்.

நான்காம் படி: காத்திருப்பு

ஒருவரையொருவர் சோதிக்காமல் மோகத்தால் உபதேசம் கொடுத்தவரும் பெற்றவரும் இருவருமே பிசாசாவார்கள் என்று குலார்ணவம் சொல்கிறது. ஆகவே ஓராண்டு காத்திருக்கச் சொன்னால் மகிழுங்கள். தேனுக்காக வண்டு மலர்விட்டு மலர் செல்வதுபோல், ஞானத்துக்காகச் சீடன் வேறு குருவை நாடலாம் என்பதும் அதே நூலின் வாக்குத்தான். இதைப் பல குருமார்கள் எடுத்துச் சொல்வதில்லை!

மனநலத்துக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் அதைக் குருவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உபாசனைக்காக மருந்தை நிறுத்தாதீர்கள்.

ஐந்தாம் படி: தீட்சை நாள்

பழம், வெற்றிலை பாக்கு, வஸ்திரம், இயன்ற தட்சிணை ஆகியவற்றோடு போகிறோம். குரு வலது காதில் மந்திரத்தை ஓதி, திருப்பிச் சொல்லக் கேட்டுத் திருத்துவார். பல மரபுகளில் முதலில் மகாகணபதி, பிறகு மூன்றெழுத்தாலான பாலா, நெடுநாள் கழித்துப் பதினைந்து எழுத்துள்ள பஞ்சதசி என்பதே வரிசை. உயர்நிலைத் தீட்சையான பூர்ணாபிஷேகமும், ‘ஆனந்தநாதர்’ என்றோ ‘அம்பா’ என்றோ முடியும் தீட்சா நாமமும் அதற்கும் பிற்பட்டவை.

ஆறாம் படி: அன்றாட ஜபம்

குளித்து, கிழக்கு நோக்கி அமர்ந்து, முதலில் தலையுச்சியில் குருபாதுகையை நினைக்க வேண்டும். பின்பு ஆசமனம், பிராணாயாமம், சங்கல்பம். அடுத்தது நியாசம், அதாவது மந்திரத்தை உடலில் பதித்தல். மந்திரத்தின் ரிஷியின் பெயரைச் சொல்லித் தலையையும், சந்தஸைச் (யாப்பை) சொல்லி வாயையும், தேவதையைச் சொல்லி இதயத்தையும் தொட்டு, கட்டைவிரலில் தொடங்கி விரல்களில் கரநியாசமும், இதயம், தலை, சிகை, கவசம், கண், அஸ்திரம் என்று அங்கநியாசமும் செய்கிறோம். தொடக்கத்தில் இவை வெறும் கையசைவாகத் தோன்றும். ஆனால் நம் உடலையே மந்திரத்தின் இருப்பிடமாக மாற்றும் வேலை இங்கேதான் நடப்பதால், எண்ணிக்கையைக் கூட்டும் அவசரத்தில் இதைச் சுருக்காதீர்கள். திசைகளைக் காப்பாகக் கட்டும் திக்பந்தம், தியான சுலோகம், ஐந்து உபசாரங்களான பஞ்சபூஜை முடித்து 108 ஜபம். மறுபடியும் அங்கநியாசம், அந்தக் கட்டை அவிழ்க்கும் திக்விமோகம், தியானம், பஞ்சபூஜை. இறுதியில் நீர் விட்டு, ஜபத்தைத் தேவியின் இடக்கரத்தில் சமர்ப்பிக்க வேண்டும். பழகியபின் இவ்வளவும் அரைமணிக்குள் அடங்கிவிடும்.

நாள், தீட்டு, பயணம் ஆகியவற்றில் மரபுக்கு மரபு விதி மாறுவதால், அவற்றைத் தீட்சையன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது நாள் கழித்துக் குருவிடம் போய், நியாசத்தைச் செய்து காட்டுங்கள். நான் போனபோது விரல்களின் வரிசை ஓரிடத்தில் தவறியிருந்தது. தீட்சைக்கு முன்பே ஆசையாக வாங்கிய செப்பு ஸ்ரீசக்கரத்தையும் அன்று எடுத்துப் போயிருந்தேன். அவர் சிரித்துவிட்டு, பட்டுத்துணியில் சுற்றி அலமாரியில் வைக்கச் சொன்னார். அது அங்கே இரண்டு ஆண்டுகள் இருந்தது.