டிடிரேஸில் ஸ்ட்ரக்சர் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஓடும் நிரலுக்குள் எட்டிப் பார்த்து, அதன் ஸ்ட்ரக்சரில் (பல மதிப்புகளை அடுத்தடுத்து வைக்கும் சி மொழித் தொகுப்பு) இருப்பதை ஸ்கிரிப்ட் எழுதிப் படிக்க உதவும் கருவி டிடிரேஸ். 2005இல் சோலாரிஸ் 10 இயங்குதளத்துடன் வந்ததிலிருந்தே அதற்கு ஒரு நல்ல பெயர் உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக் கவிழ்க்காது. அந்த நம்பிக்கையில் புதியவர்கள் அது காட்டும் எண்ணையும் சேர்த்து நம்பிவிடுகிறார்கள். செமிகோலன் விட்டுப்போவதையெல்லாம் கம்பைலரே சொல்லிவிடும், அதை விடுங்கள்.

பாயிண்டரை நேரே தொடுவது

ஸ்கிரிப்ட் ஓடுவது இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள். நிரலின் பாயிண்டர், அதாவது நினைவக முகவரி, அங்கே வெறும் எண். நிரலின் நினைவகத்திலிருந்து நகலெடுத்துத் தரும் காப்பிஇன் வழியாக எடுங்கள். உள்ளே இன்னொரு பாயிண்டர் இருந்தால் அதற்குத் தனியாக இன்னொரு காப்பிஇன்.

ஹெடர் கோப்பை வெட்டி ஒட்டுவது

நிரலின் ஹெடர் கோப்பில் உள்ள ஸ்ட்ரக்சர் வரையறையை அப்படியே ஸ்கிரிப்டில் ஒட்டிவிடுகிறார்கள். இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். 64 பிட் கர்னலில் டிடிரேஸ் லாங் என்ற எண் வகையையும் பாயிண்டரையும் 8 பைட்டாகக் கணக்கிடும். கவனிக்கப்படும் நிரல் 32 பிட் என்றால் அங்கே இரண்டுமே 4 பைட்.

ஓர் இன்ட், ஒரு கேரக்டர் பாயிண்டர், ஒரு லாங் கொண்ட ஸ்ட்ரக்சரை எடுத்துக்கொள்ளுங்கள். 32 பிட்டில் அவை 0, 4, 8 ஆகிய இடங்களில் தொடங்கும்; மொத்தம் 12 பைட். 64 பிட்டில் இன்ட்டுக்குப் பின் 4 பைட் இடைவெளி விழுந்து 0, 8, 16 ஆகிவிடும், மொத்தம் 24. ஆக, லாங்கைத் தேடும் ஸ்கிரிப்ட் ஸ்ட்ரக்சரையே தாண்டிப் பக்கத்து வீட்டில் கைவைக்கிறது. அந்த இடமும் அதே நிரலுக்குச் சொந்தமான நினைவகம் என்பதால் பெரும்பாலும் பிழைச்செய்தி வராது. ஏதோ ஓர் எண் வரும்.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்தவர் இப்படித்தான் காத்திருப்பு வரிசையின் நீளம் என்று ஓர் எண்ணைக் கொண்டுவந்தார். அதை வைத்து வரைபடம் போட்டு, கூட்டம் நடத்தி, த்ரெட் எண்ணிக்கையையும் உயர்த்திவிட்டார்கள். வேலையே இல்லாத நள்ளிரவிலும் அந்த எண் அசையவில்லையே என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. "ஸ்ட்ரக்சரின் அளவை சைஸ்ஆஃப் போட்டு அச்சிட்டுப் பார்த்தீர்களா?" என்றேன். "எதற்கு சார்? டிடிரேஸ் ஒன்றும் சொல்லவில்லையே" என்றார்.

பாயிண்டருக்கு யூஇன்ட்32, லாங்குக்கு இன்ட்32 என்று அளவு தெரியும் வகைகளையே எழுதுங்கள். அசல் நிரலை எந்தக் கொடிகளோடு கம்பைல் செய்தார்களோ அதே கொடிகளோடு ஒவ்வோர் உறுப்பும் தொடங்கும் இடத்தை ஆஃப்செட்ஆஃப் போட்டு அச்சிட்டு ஒப்பிடுங்கள். நிபந்தனையைப் பொறுத்து வரிகளைச் சேர்க்கும் இஃப்டெஃபுக்குள் ஓர் உறுப்பு ஒளிந்திருந்தாலும் இதே கதிதான்.

நுழைவிலேயே படிப்பது

கோப்பைப் படிக்கும் ரீட் அழைப்பின் நுழைவில், அதாவது அது தொடங்கும் கணத்தில், தரவு வந்து சேரவேண்டிய பஃபரில் பழைய குப்பைதான் இருக்கும். ஓபன் அழைப்பிலோ, கோப்புப் பெயர் இருக்கும் பேஜ் (நினைவகத்தின் ஒரு துண்டு) நினைவகத்துக்கு இன்னும் வராமலே இருக்கலாம். நுழைவில் முகவரியை மட்டும் செல்ஃப் மாறியில் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியாக இருக்கும் மாறி) வைத்துக்கொண்டு, திரும்பும்போது படியுங்கள்.

இணைப்புப் பட்டியலை முழுக்க நடக்க முயல்வது

டிடிரேஸ் ஸ்கிரிப்டுகளை எழுதும் டி மொழியில் லூப் கிடையாது. முதல் சில கணுக்களோடு நிறுத்துங்கள்.

செல்ஃப் மாறியைப் பூஜ்யமாக்க மறப்பது

மறக்காதீர்கள்.