நோண்டுகிற கைகள்: வீட்டுக் கணினியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் யாருடைய கணினி மக்கர் செய்தாலும் முதலில் கூப்பிடப்படும் ஆள் ஒருவர் இருப்பார். இது அவருக்கான கட்டுரை. நானும் பல வருடங்களாக அந்த ஆள்தான். கணினி அவ்வளவாகத் தெரியாதவர் எதையும் தொடப் பயப்படுவார். அதனால் பெரிதாக எதையும் கெடுக்கவும் மாட்டார். நமக்கு எந்த செட்டிங் எங்கே இருக்கிறது என்று தெரியும், எதை நிறுத்தலாம் என்று தெரியும், கை சும்மா இருக்காது. என் கணினிகளுக்கு வைரஸால் வந்த சேதத்தைவிட நான் செய்த "பராமரிப்பால்" வந்த சேதம்தான் அதிகம்.

சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று

கணினி மெதுவானதும் ஏதாவது ஒரு கிளீனரை இறக்கி ஓட்டுவது நம் ஆட்களுக்குப் பழக்கம். ரெஜிஸ்ட்ரியில் ஆயிரத்துச் சொச்சம் பிழைகள் என்று அது சிவப்பில் காட்டும். பார்த்தாலே பகீரென்றிருக்கும். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மற்ற மென்பொருட்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பெரிய பேரேடு. லட்சக்கணக்கான வரிகள் உள்ள பேரேட்டில் சில நூறு பழைய வரிகள் அனாமத்தாகக் கிடப்பதால் வேகம் குறையாது. அழிக்கக் கூடாத ஒரு வரியை அழித்துவிட்டால்தான் வம்பு. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2017இல் சிகிளீனர் என்ற பிரபலமான மென்பொருளின் 5.33 பதிப்புக்குள் யாரோ மால்வேரை, அதாவது தீங்கு செய்யும் நிரலைப் புகுத்திவிட்டார்கள். போலித் தளம் எதுவும் இல்லை. நிறுவனத்தின் சொந்த சர்வரிலிருந்தே, அதன் டிஜிட்டல் கையொப்பத்தோடுதான் அது போனது. ஆகஸ்ட் நடுவிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் விஷயம் வெளியே தெரியவில்லை. அதற்குள் சுமார் 22.7 லட்சம் பேர் அந்தப் பதிப்பை ஏற்றியிருந்தார்கள். அவர்கள் கண்ட இடத்தில் இறக்கியவர்கள் இல்லை, சரியான இடத்தில்தான் இறக்கினார்கள். ஆனால் கணினியில் ஏற்றும் ஒவ்வொரு மென்பொருளோடும் அதைச் செய்தவரின் சர்வரையும் சேர்த்தே நம்ப வேண்டியிருக்கிறது. அவசியமில்லாத ஒன்றுக்காக அந்த நம்பிக்கையை ஏன் செலவழிக்க வேண்டும்?

எஸ்எஸ்டியை (சுழலும் தட்டில்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) டிஃப்ராக் செய்வதும், அதாவது சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்குவதும் இதே ரகம். பழைய ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டும் அதன் மேல் ஓடும் ஊசியும் இருந்தன. துண்டு துண்டாகக் கிடந்த கோப்பை ஊசி தேடி அலைய வேண்டியிருந்தது. எஸ்எஸ்டியில் ஊசியே இல்லை. டிஃப்ராக் செய்தால் வேகம் கூடாது, எழுதி எழுதி அதன் ஆயுள்தான் தேயும். அதற்குத் தேவையான ட்ரிம் வேலையை, அதாவது அழித்த கோப்புகளின் இடம் காலி என்று டிஸ்க்குக்குச் சொல்வதை, விண்டோஸ் தானாகவே அவ்வப்போது செய்துகொள்கிறது.

சரி, மெதுவாகத்தானே இருக்கிறது, என்ன செய்வது? ஸ்டார்ட்அப்பில் எதெல்லாம் தானாக ஏறுகிறது என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். டிஸ்க் விளிம்பு வரை நிரம்பியிருக்கிறதா, ஃபேனில் தூசி அடைத்துச் சூடேறுகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு. விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் செய்தால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் டிஸ்க்கில் அப்படியே உறைந்து கிடந்து, மறுபடி ஆன் செய்ததும் எழுந்து வந்துவிடும். தினமும் அணைத்துப் போடுகிற ஒருவரின் கணினியில், டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதி 40 நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

தொல்லை என்று நிறுத்தியவை

அப்டேட்டை அடியோடு நிறுத்தி வைப்பதில் நமக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. சர்வீஸஸில் போய் நிறுத்துவது, அதற்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டுவது என்று. அப்டேட் சில சமயம் எதையாவது கெடுப்பது உண்மைதான்; அந்தக் கோபம் எனக்கும் புரியும். ஆனால் 2017 மார்ச் 14 அன்று விண்டோஸில் ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்தது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வான்னாகிரை என்ற ரான்சம்வேர் நுழைந்து, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பெரும்பாலானவை அப்டேட் கிடைக்காத பழைய கணினிகள் அல்ல. விண்டோஸ் 7 ஓடியவை. இரண்டு மாதம் அப்டேட் வாசலில் நின்றுகொண்டிருந்தது, யாரும் கதவைத் திறக்கவில்லை. பயமாக இருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், அதற்கு செட்டிங்ஸிலேயே வழி இருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதை இன்னும் வைத்திருப்பவர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் சேருவதா, 11க்குப் போவதா, லினக்ஸ் போடுவதா என்று முடிவெடுத்துவிடுவது நல்லது.

"இந்த மென்பொருள் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா?" என்று திரையை மங்கலாக்கிக் கேட்கும் பெட்டியையும் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் கேட்காமலேயே எல்லாம் நடக்கும், நீங்கள் ஓட்டாததும் சேர்த்து. அதேபோல, விண்டோஸிலேயே ஏற்கெனவே இருக்கும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் போதாது என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஆன்டிவைரஸ்களை அடுக்குவார்கள். அவை ஒன்றையொன்று சந்தேகப்பட்டு ஒரே கோப்பை மாறி மாறிச் சோதித்துக்கொண்டிருக்கும். ஒன்று போதும்.

தொட வேண்டிய ஒரு செட்டிங் இருக்கிறது, அதை மட்டும் பலர் தொடுவதில்லை. விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசியில், புள்ளிக்குப் பின் வரும் வகைக் குறிப்பை (எக்ஸ்டென்ஷன்) இயல்பாகவே மறைத்துக் காட்டும். 2000 மே 4 அன்று பரவிய ஐ லவ் யூ வைரஸ் இதை வைத்துத்தான் பிழைத்தது. மின்னஞ்சலில் வந்த காதல் கடிதத்தின் பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதுபோல் தெரியும். சாதாரண எழுத்துக் கோப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். அதற்குப் பின்னால் மறைந்திருந்தது விபிஎஸ், அதாவது ஓடக்கூடிய ஸ்கிரிப்ட். கால் நூற்றாண்டு தாண்டியும் இந்த மறைப்பு இன்னும் இயல்பு நிலையாகவே இருக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால் முழுப் பெயரும் தெரியும். பிடிஎஃப் என்று பெயரில் போட்டுக்கொண்டு இஎக்ஸ்இ (ஓடக்கூடிய மென்பொருள்) என்று முடியும் கோப்பு அப்போதே மாட்டிக்கொள்ளும்.

எங்கிருந்து இறக்குகிறோம்

கிராக் செய்த மென்பொருளைப் பற்றி நியாய அநியாயம் பேசப் போவதில்லை. அதோடு வரும் குறிப்பை மட்டும் கவனியுங்கள்: "ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்தவும்." பூட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கு என்கிறான். இன்றைக்கு அதன் வழியே வருபவை திரையில் மண்டை ஓடு காட்டும் பழைய வைரஸ்கள் அல்ல. சத்தமில்லாமல் வந்து, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் வாரிக்கொண்டு போய்விடும். குக்கீ போவதுதான் பெரிய அடி. நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கான அத்தாட்சி அது. அதை வைத்திருப்பவனிடம் பாஸ்வேர்டும் கேட்கமாட்டார்கள், ஓடிபியும் கேட்கமாட்டார்கள். அப்படி ஒன்று ஓடிவிட்டது என்று சந்தேகம் வந்தால், வேறொரு சுத்தமான கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் பொத்தானையும் அழுத்த வேண்டும். பாதிக்கப்பட்ட கணினியில் உட்கார்ந்தே பாஸ்வேர்டை மாற்றினால் புதியதும் அவனுக்கே போகும்.

பிரவுசரில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களை நாம் மென்பொருளாகவே கணக்கில் எடுப்பதில்லை. எத்தனை இருக்கிறது என்று இப்போதே எண்ணிப் பாருங்கள். தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது, பயன்படுத்தாத டேப்களைத் தூங்க வைக்கும். நானும் ஆளாளுக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். 2020இல் அதை உருவாக்கியவர் வேறொருவர் கையில் ஒப்படைத்தார். 2021 பிப்ரவரியில், அதில் மால்வேர் இருக்கிறது என்று கூகுள் அதைத் தூக்கிவிட்டது. பயன்படுத்தியவர்கள் புதிதாக எதையும் நிறுவவில்லை. பழைய பெயரிலேயே வேறு ஆளின் நிரல் அப்டேட்டாக வந்து உட்கார்ந்துகொண்டது.

தானாக அப்டேட் ஆகாத சின்ன மென்பொருட்களையும் மறந்துவிடுகிறோம். சுருக்கிய கோப்புகளைப் பிரிக்கும் வின்ரார் அப்படி ஒன்று. ஏஸ் வகைக் கோப்புகளைப் பிரிக்க அதற்குள் இருந்த ஒரு பழைய துணை நிரல் கோப்பில் (டிஎல்எல்) ஏறத்தாழ 19 வருடமாக ஓர் ஓட்டை இருந்ததை 2019 பிப்ரவரியில் வெளிப்படுத்தினார்கள். 5.70 பதிப்பில் அந்த வகைக்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள். ஆனால் நாமே போய்ப் புதியதை இறக்கினால்தான் அது நம்மிடம் வரும். எப்போதோ நிறுவியதையே இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர்.

பாஸ்வேர்டு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பெரிய எழுத்து, எண், குறியீடு கலந்து போடு, அடிக்கடி மாற்று என்ற பழைய விதி, 2003இல் அமெரிக்காவின் என்ஐஎஸ்டி என்ற அரசுத் தர நிர்ணய அமைப்புக்காக பில் பர் என்பவர் எழுதிய கையேட்டிலிருந்து பரவியது. அதற்காக வருந்துவதாக 2017இல் அவரே சொன்னார். அதே ஆண்டில் அந்த அமைப்பும் விதியைத் தளர்த்தியது: நீளம்தான் முக்கியம், காரணமில்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம், ஏற்கெனவே கசிந்த பாஸ்வேர்டுகளை ஏற்க வேண்டாம். நம் ஆட்கள் செய்யும் தவறு வேறு. நல்ல கடினமான பாஸ்வேர்டு ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் அழகில் மயங்கி, பத்து இடத்தில் போட்டுவிடுவார்கள். ஒரு தளத்தில் கசிந்தால் மற்ற ஒன்பதும் கூடவே போகும். பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றை வைத்துக்கொண்டு, அதையும் முதன்மை மின்னஞ்சலையும் இரண்டு கட்டப் பூட்டோடு காப்பாற்றுங்கள். அந்தப் பூட்டை வைக்கும்போது தரும் மீட்புக் குறியீடுகளை அதே கணினியில் டெஸ்க்டாப்பில் சேமிக்காதீர்கள்.

பேக்கப் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது

ஒருமுறை இடம் பற்றவில்லை என்று பல வருடப் புகைப்படங்களை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றினேன். காப்பி இல்லை, கட் அண்ட் பேஸ்ட். "பேக்கப்" என்று லேபிளும் ஒட்டினேன். அது மேசையிலிருந்து விழுந்து டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்த அன்றுதான் உறைத்தது, அதில் இருந்தது நகல் இல்லை, மூலமே அதுதான் என்று.

இதற்குப் பக்கத்தில் நிற்கும் தவறுகள் இன்னும் சில. கிளவுட் சிங்க் இருக்கிறதே என்பார்கள். சிங்க் என்பது கண்ணாடி மாதிரி; இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே ரான்சம்வேர் பூட்டிய கோப்பு அங்கேயும் பூட்டியபடியே போய்ச் சேரும். பழைய பதிப்புகளைச் சில காலம் வைத்திருக்கும் சேவைகள் உண்டு, ஆனால் அந்தக் கெடு முடிவதற்குள் நமக்கு விஷயம் தெரிய வேண்டும். இரண்டு டிஸ்க்கைப் போட்டு ரெய்டு (ஒரே கோப்பை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் முறை) அமைத்தவர்களும் அப்படித்தான். ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும், உங்கள் கை தவறாக டெலீட் செய்தால் இரண்டிலிருந்தும் பயபக்தியோடு அழிக்கும். பேக்கப் டிஸ்க்கை எந்நேரமும் செருகியே வைத்திருந்தால், கணினிக்குள் வந்த ரான்சம்வேருக்கு அதுவும் இன்னொரு டிரைவ்தான்.

பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்குதான் இன்றும் எளிதானது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். நான் கூட ஒன்றைச் சேர்ப்பேன், அவ்வப்போது எடுத்துத் திறந்து பார்ப்பது. 2017 ஜனவரி 31 அன்று நிரலாளர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், அசதியில் இருந்த பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப் இருக்கிறதே என்று தேடினால், வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தினசரி நகல் டேட்டாபேஸ் மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது; அதைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சலும் வந்து சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்னால் ஒருவர் வேறு வேலைக்காக எடுத்திருந்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நகல்தான் மிச்சத்தைக் காப்பாற்றியது. தொழிலே அதுவாக இருப்பவர்களுக்கே அந்த நிலை. ஒரு பழைய புகைப்படத்தை பேக்கப்பிலிருந்து எடுத்து வேறு கணினியில் திறந்து பார்க்க நமக்கு ஐந்து நிமிடம் ஆகாது.

கடைசியாக ஒன்று, நோண்டுகிறவர்களுக்கே உரியது. இப்போது பல கணினிகளில், நாம் கேட்காமலேயே டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் முறையில் குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) ஆகியிருக்கிறது. பயாஸை (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை நிரல்) அப்டேட் செய்தாலோ, அதிலுள்ள செக்யூர் பூட் என்ற செட்டிங்கை மாற்றினாலோ, மதர்போர்டை மாற்றினாலோ, கணினி திடீரென்று சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் கிடைக்காது, உங்களுக்கும்தான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்திருந்தால் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். பயாஸில் கை வைப்பதற்கு முன் அங்கே இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள், ஒரு தாளிலும் எழுதுங்கள். நான் எழுதி வைத்திருந்தேன். பிறகொரு நாள் சும்மா ஒப்பிட்டுப் பார்த்தபோது ஐந்தாவது தொகுதியில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 0 இருந்தது.