மூன்றாம் துட்மோஸைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

தேயிலைத் தோட்டத்தில் மாலை வகுப்பு எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த எகிப்திய அரசரின் 17 படையெடுப்புகளையும் பலகையில் வரிசையாக எழுதிப் போடாதீர்கள். மெகித்தோ (இன்றைய இஸ்ரேலில் இருந்த பழைய நகரம்) போர் ஒன்றை உருப்படியாகச் சொன்னாலே போதும்.

முதலில் ஆளைக் காட்டுங்கள். கி.மு. 1479 அளவில் அரியணை ஏறியபோது சின்னப் பையன், அதனால் 20 ஆண்டுகளுக்கு மேல் மாற்றாந்தாய் ஹட்செப்சுட்தான் ஆட்சியை நடத்தினார். (கி.மு.வில் எண் குறைந்துகொண்டே போகும் என்று இங்கேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 1479இல் அரசரானவர் 1425இல் எப்படிச் செத்தார் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்.) ஹட்செப்சுட் மறைந்ததும், சிரியாப் பக்கத்துக் காதேசு நகர மன்னன் தலைமையில் சிற்றரசர்கள் எகிப்துக்கு எதிராக மெகித்தோவில் திரண்டார்கள்.

சரி, இப்போது பலகையில் ஒரு மலைத்தொடர் வரையுங்கள். அதைத் தாண்டி மெகித்தோவுக்குப் போக மூன்று வழி. வடக்கிலும் தெற்கிலும் சுற்றுப்பாதை, நடுவில் அருணா கணவாய், கிட்டத்தான், ஆனால் ரொம்ப ஒடுக்கம். முன்படை சண்டை போடும்போது பின்படை இன்னும் அருணாவிலேயே நிற்குமே என்று தளபதிகள் தடுத்தார்கள். இதைப் புரியவைக்கப் பிள்ளைகளைத் தேயிலைக்கு நடுவே இருக்கிற குறுக்குப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக இறக்கி, முன்னால் போகிறவனை நிறுத்தி, கடைசிப் பிள்ளையை அவனிடம் வரச் சொல்லுங்கள், எப்படி மாட்டிக்கொள்கிறது என்று அதுவே பார்த்துக்கொள்ளும். அரசர் அந்த வழியில்தான் போனார். எதிரி காத்திருந்தது மற்ற இரண்டு வழியில்.

வென்றவுடன் நகரத்துக்குள் நுழையாமல், எகிப்தியப் படை எதிரியின் கூடாரங்களைக் கொள்ளையடிக்கக் கிளம்பிவிட்டது. அதற்குள் நகரத்தின் கதவு சாத்தியாச்சு, தோற்று ஓடிவந்த எதிரிகளை உள்ளே இருந்தவர்கள் துணியைப் பிடித்து மதில்மேல் தூக்கினார்கள். அப்புறம் ஏழு மாத முற்றுகை. கிடைத்தது 924 தேர், 2,041 குதிரை.

இங்கே ஒரு கேள்வி போடுங்கள்: தளபதிகள் தயங்கினார்கள், அரசர் மட்டும் துணிந்தார் என்று யார் எழுதியது? எகிப்தில் உள்ள கர்னாக் கோயில் சுவரில் அரசரே வெட்டுவித்ததுதான். எங்கள் பிள்ளைகள் இதை டக்கென்று பிடித்துக்கொள்வார்கள், கங்காணி கதைகள் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா.

மற்ற போர்களை ஓட்டமாகச் சொல்லலாம். வட சிரியாப் பக்கம் இருந்த மித்தானி அரசை அடிக்க, லெபனான் கரையில் உள்ள பிப்லோசுப் பக்கம் தேவதாரு மரத்தில் படகு செய்து, மாட்டு வண்டியில் ஏற்றி யூப்ரடீஸ் ஆறு வரை கொண்டுபோனதை மட்டும் விடாதீர்கள்.

நேரம் மிஞ்சினால் சிரியாவில் இருந்த நியாவில் 120 யானைகளை வேட்டையாடியது: அரசர் மேல் பாய்ந்த யானையின் துதிக்கையை வெட்டியதாக அமெனெம்ஹெப் என்ற வீரர் தன் கல்லறையில் எழுதிவைத்திருக்கிறார்.