கடைப் பேரேடும் அடுப்படி நினைவும்: ஊர் வரலாறு சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விருதுநகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் காமராசரிடமிருந்தோ, தமிழ்நாடு என்ற பெயரைக் கோரி 1956-இல் அவ்வூரில் உண்ணாநோன்பைத் தொடங்கி அக்டோபர் 13 அன்று உயிர்நீத்த சங்கரலிங்கனாரிடமிருந்தோ தொடங்குகிறார்கள். அதில் பிழையில்லை. ஆனால் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை வந்த 1876-க்குப் பின் வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று வியாபாரம் செய்து அந்த ஊரை வளர்த்த குடும்பங்களின் வரலாறு தலைவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் இல்லை. அது மண்டிகளின் பேரேடுகளிலும், அந்த வீடுகளில் இன்னும் உயிரோடிருக்கும் முதியவர்களின் நினைவிலும் இருக்கிறது. இவ்விரண்டையும் சேகரிக்கும் ஆர்வம் இப்போது இளைஞர்களிடம் பெருகியிருக்கிறது. ஆர்வத்தோடு சில தவறுகளும் பெருகியிருக்கின்றன.

முதல் தவறு, கடையை நிறுவியவரின் மாலையிட்ட படத்திலிருந்து தொடங்குவது. எந்த நூற்றாண்டு விழா மலரைப் புரட்டினாலும் ஒரு தாத்தா கையில் சொற்பக் காசோடு ஊருக்கு வந்து, அயராது உழைத்து, நேர்மையால் உயர்ந்திருப்பார். அது பொய் என்று சொல்ல வரவில்லை. எல்லாக் கடைக்கும் அதே கதை பொருந்துமென்றால், அந்தக் கதையிலிருந்து அந்தக் கடையைப் பற்றி நாம் அறிந்துகொள்ள ஒன்றுமில்லை. வத்தலுக்குக் காம்பு கிள்ளிய பெண்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், கூலியைக் காசாகப் பெற்றார்களா தானியமாகப் பெற்றார்களா, மூட்டை தூக்கியவர்கள் எங்கே உண்டார்கள், கணக்குப்பிள்ளை யாருடைய சிபாரிசில் சேர்ந்தார் என்பவற்றைக் கேட்டால்தான் கடை ஊரோடு எவ்வாறு பிணைந்திருந்தது என்பது புலப்படும்.

இரண்டாவது தவறு, அழகானவற்றை மட்டும் எடுத்து வைப்பது. பித்தளைத் தராசும் தேக்குக் கல்லாப்பெட்டியும் வரவேற்பறைக்கு வந்துவிடுகின்றன. பேரேடுகள் கிலோக் கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. கடையை இடித்துக் கட்டிய ஆண்டில் பரணிலிருந்த இரண்டு பெட்டிக் கணக்குகளை எடைக்குப் போட்டோம். கதவிடுக்கில் விழுந்து கிடந்த ஒரே ஒரு நாள்வழிக் குறிப்பேடு மட்டும் தப்பியது. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு திருமண அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்து வைத்தபோது அவற்றைக் குப்பை என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பே சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளமாயிற்று.

தப்பிய காகிதத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு லேமினேஷன் செய்வதும், கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டுவதும், புகைப்படத்தின் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதுவதும் பரவலாக நடக்கின்றன. லேமினேஷனைப் பிரித்தெடுக்க இயலாது. டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறிக் காகிதத்தையும் கெடுக்கும். சாதாரணக் காகித உறையும், மென்மையான பென்சிலும், ஈரமும் கரையானும் அண்டாத ஓர் அலமாரியும் போதும்.

பெரும் தவறுகள் நிகழ்வது கணக்கைப் படிக்கும்போதுதான். எங்களிடம் எஞ்சிய குறிப்பேட்டின் தலைப்பில் பிள்ளையார் சுழிக்குக் கீழே "தாது ௵", அதாவது தாது வருஷம், என்றிருந்தது. அதைப் பார்த்ததும் எங்கள் குடும்பத்தில் ஒருவர், தாது வருஷப் பஞ்சத்தின் போதே நாம் கடை வைத்திருந்தோம் என்று உறவினர் அனைவருக்கும் வாட்ஸப்பில் அறிவித்துவிட்டார். தமிழ் ஆண்டுகள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. பஞ்சம் வந்த தாது 1876-இல் பிறந்தது, அடுத்த தாது 1936-இல் பிறந்தது. ஏட்டினுள் ஒட்டியிருந்த வருவாய் முத்திரையில் விக்டோரியா அரசியின் தலை இல்லை, ஐந்தாம் ஜார்ஜின் தலை இருந்தது. ஆகவே எங்கள் கடைக்கு ஒரே நொடியில் 60 வயது குறைந்தது. அறிவித்தவருக்கு இன்றுவரை என்மேல் வருத்தம். ஆண்டின் பெயரை மட்டும் நம்பாமல் முத்திரை, கிழமை, திதி, சரக்கின் விலை ஆகியவற்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஊரின் பெயரும் துணை செய்யும். விருதுபட்டி என்பது விருதுநகர் ஆனது 1923-இல். ஆயினும் பழைய பெயரைச் சொல்லும் பழக்கம் எளிதில் மறைவதில்லையாதலால், அதை மட்டும் கொண்டு காலத்தை முடிவு செய்தலும் ஆகாது.

எண்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பழைய ஏட்டில் 3-8-0 என்றிருந்தால் அது மூன்று ரூபாய் எட்டணா, அதாவது இன்றைய கணக்கில் மூன்றரை ரூபாய். அதை 3.80 என்று கணினியில் ஏற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வரும்வரை நீடித்தது. தமிழ் எண்களில் ஒன்று 'க' போலவும், இரண்டு 'உ' போலவும், எட்டு 'அ' போலவும் இருப்பதால் எண்ணை எழுத்தென்று படித்துவிடுவது எளிது. மேற்படி என்பதற்கான ௸ குறியைக் கிறுக்கல் என்று விட்டுவிட்டால், யார் பெயரில் பற்று எழுதப்பட்டது என்பதே தெரியாமல் போகும். வீசையை ஏறத்தாழ 1.4 கிலோ என்று கொள்ளலாம். ஆனால் படி ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஓர் ஊரின் வாய்பாட்டை வைத்து மற்றோர் ஊரின் படியை லிட்டராக்கக் கூடாது.

ஏடு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்புவதும் தவறே. விருதுநகரில் வணிகர்கள் விற்பனையில் ஒரு பங்கை மகமையாக, உறவின்முறை என்ற தங்கள் சமுதாய அமைப்புக்குச் செலுத்தினார்கள். காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலை போன்ற பொதுக் காரியங்கள் அந்தப் பணத்தில் நடந்தன. கணக்கில் "மகமை" என்று வரும் ஒற்றை வரி, பள்ளிக்கூடத்துக்கு யார் செலவு செய்தார்கள் என்பதற்கான சான்று. ஆனால் அதே பள்ளிக்காக வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்களே, அந்தப் பிடி அரிசிக்குக் கடைப் பேரேட்டில் வரி கிடையாது. அது அடுப்படியில் தொடங்கி அடுப்படியிலேயே முடிந்த கணக்கு. பாட்டிகளைக் கேட்டாலொழிய வெளிவராது. வியாபாரக் குடும்பத்தின் வரலாறு என்றதும் ஆண்களை மட்டும் நாற்காலியில் உட்காரவைத்துப் பேட்டி எடுக்கும் வழக்கத்தை நான் கடுமையாகக் குறைகூறுவது இதனால்தான்.

பேட்டி எடுக்கும் முறையிலும் ஒரு பிழை உண்டு. விளக்கைப் போட்டு, கேமராவை நிறுத்தி, "ஊர் வரலாற்றைச் சொல்லுங்கள் தாத்தா" என்றால் அவர் மேடைப் பேச்சுத்தான் பேசுவார். கையில் ஒரு பழைய படிக்கல்லைக் கொடுத்து, கடை திறந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் சாணம் தெளித்தது, சாம்பிராணி போட்டது, முதல் போணி ஆகும்வரை கடன் கொடுக்காதது எல்லாம் தானாக வரும்.

அவர் சொல்லும் ஆண்டுகள் பிசகலாம். சங்கரலிங்கனார் இறந்த உடனேயே தமிழ்நாடு என்று பெயர் மாறிவிட்டது என என் பெரியப்பா உறுதியாகச் சொல்வார். சட்டமன்றத் தீர்மானம் 1967-இல் நிறைவேறியது, பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14-இல். அவரை இடைமறித்துத் திருத்தினால் பேச்சு அதோடு நின்றுவிடும். திருத்தாமல் அப்படியே அச்சிட்டால் பிழை பரவும். சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு, சரியான ஆண்டை ஓரத்தில் தனியே குறிப்பதே முறை. 12 ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி அவர் நினைவில் மறைந்துபோனதும் அந்த ஊர் அந்த மரணத்தை எப்படி உணர்ந்தது என்பதற்கு ஒரு தடயம்தான்.

கசப்பானவற்றை விலக்குவது இன்னொரு தவறு. யார் கடைப்படி ஏறிச் சரக்கு வாங்கினார்கள், யார் தெருவில் நின்று வாங்கினார்கள், தண்ணீர் எந்தக் குவளையில் கொடுக்கப்பட்டது என்று கேட்கத் தயங்குகிறோம், சொந்தத் தாத்தாவாயிற்றே. கேட்டுப் பதிவு செய்யத்தான் வேண்டும். ஆனால் இதற்கு நேர்மாறாக, எல்லாவற்றையும் வெளியிட்டுவிடும் அவசரமும் ஆகாது. பற்றுவரவுப் பக்கத்தைப் படம் பிடித்து இணையத்தில் போடும்போது, அதில் விலாசத்தோடு எழுதப்பட்டிருக்கும் கடனாளிகளின் பேரப்பிள்ளைகள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். நாள்வழியின் படங்களை மூன்று இடங்களில் சேமித்து வைத்திருக்கிறேன். மற்றவர்க்குக் காட்டும் பிரதியில் கடனாளிகளின் பெயர்களை மட்டும் மறைத்துவிட்டு, தொகையையும் சரக்கையும் அப்படியே விட்டிருக்கிறேன்.