ஆன்செட்: காய்ச்சல் ‘கண்ட’ நாளை எப்படி எழுதுவது?

மருத்துவப் படிவங்களைத் தமிழாக்குவது என் வேலை. அதில் தினமும் எதிர்ப்படும் சொல் ‘ஆன்செட்’. அகராதியைப் புரட்டினால் தொடக்கம், ஆரம்பம் என்றிருக்கும். தப்பில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால், ‘ஸ்டார்ட்’ வரவேண்டிய இடத்திலெல்லாம் இது போய் உட்கார்ந்துவிடும்.

16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குத் தாக்குதல் என்று பொருள். எதிரி வந்து மேலே விழுவது. அந்த வாசனை இன்னும் போகவில்லை. நாம் தொடங்கிவைக்கும் காரியத்துக்கு ஆன்செட் வராது. தானாக வந்து நம்மைப் பிடிப்பதற்குத்தான் வரும். நோய், வலி, முதுமை, குளிர்காலம் எல்லாம் அந்த வகை. ‘தி ஆன்செட் ஆஃப் வின்டர்’ சரி. ‘தி ஆன்செட் ஆஃப் தி மீட்டிங்’ சரியில்லை. கூட்டத்தை நாம்தானே கூட்டுகிறோம்? அங்கே ‘ஸ்டார்ட்’ போதும்.

நம் பேச்சிலேயே இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது. ‘காய்ச்சல் கண்டு மூணு நாளாச்சு’, ‘அவளுக்கு இடுப்புவலி கண்டிருக்கு’ என்கிறோமே, அந்தக் ‘கண்டது’தான் ஆன்செட். சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். கண்டது, பிடித்தது, வலி எடுத்தது என்று வாயில் வந்தால் அநேகமாக ஆன்செட் பொருந்தும்.

படிவத்தில் ‘டேட் ஆஃப் ஆன்செட்’ என்று கேட்டால் என்ன எழுதுவது? அம்மாவுக்கு டெங்கு வந்தபோது, மருத்துவமனைக்குப் போன புதன்கிழமையை எழுதிக் கொடுத்தேன். மருத்துவர் அம்மாவைப் பார்த்து, “உடம்பு எப்பம்மா சுட ஆரம்பிச்சுது?” என்றார். “ஞாயித்துக்கிழமை ராத்திரியே” என்றாள் அம்மா. அவர் புதனை அடித்துவிட்டு ஞாயிறு என்று எழுதினார். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள் வரும். அந்த நாட்களைக் காய்ச்சல் கண்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். என் கணக்குப்படி போயிருந்தால் மூன்று நாள் பிசகியிருக்கும். பரிசோதனை செய்த தேதியும் வேண்டாம், ரிப்போர்ட் வந்த தேதியும் வேண்டாம். முதலில் உடம்பு காட்டிக்கொடுத்த நாளை எழுதுங்கள்.

பக்கவாதத்தில் இதே சொல் மணிக்கணக்குக்கு வந்துவிடும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக ஆன்செட்டிலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். சரி, தூங்கி எழும்போதே கை விழுந்துகிடந்தால்? எழுந்த நேரத்தை ஆன்செட் என்று சொல்லிவிடாதீர்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். இதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

‘சடன் ஆன்செட்’ என்றால் திடீரென்று வந்தது, ‘கிராஜுவல் ஆன்செட்’ என்றால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பலரும் தடுக்கி விழுவது ‘எர்லி ஆன்செட்’டில்தான். அது நோயின் ஆரம்பக் கட்டம் இல்லை. வழக்கமான வயதுக்கு முன்பே வந்துவிட்ட நோய். அல்சைமர் 65 வயதுக்குள் வந்தால் அதை எர்லி ஆன்செட் என்பார்கள். அது முற்றிய நிலையிலும் இருக்கலாம். ஆரம்பக் கட்டத்துக்கு ‘எர்லி ஸ்டேஜ்’ என்று தனியே சொல் இருக்கிறது.

அப்புறம், ‘அவுட்செட்’டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நாம் கிளம்பும் இடம். ‘அட் தி அவுட்செட்’, ‘ஃப்ரம் தி அவுட்செட்’ என்று ஒரு பேச்சுக்கோ வேலைக்கோ முதலில் வரும்.

ஆன்செட் பெயர்ச்சொல். ‘தி ஃபீவர் ஆன்செட்டட்’ என்று வினையாக்க முடியாது. ‘தி ஃபீவர் பிகேன்’ என்றே எழுதுங்கள். உச்சரிக்கும்போது அழுத்தம் ‘ஆன்’ மேல் விழட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுங்கள். இடைவெளி விட்டால் படப்பிடிப்புத் தளத்தில் என்று பொருள் மாறிவிடும்.