ரெஸ்யூமே எழுதித் தரும் சேவையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பணம் வாங்கிக்கொண்டு ரெஸ்யூமே எழுதித் தருகிறவர்கள் இன்று ஏராளம். அவர்களில் யார் எழுதத் தொடங்கும் முன் உங்களிடம் அதிகம் கேள்வி கேட்கிறாரோ, அவரிடம் கொடுங்கள். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்து, குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்ட என் தங்கைக்காக இப்படிப்பட்ட ஒரு சேவையைத் தேடினேன். அதில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: உங்களுக்கு இது தேவைதானா?

இந்த ஆண்டுதான் படிப்பை முடித்தவர் என்றால் பணம் செலவழிக்க வேண்டாம். கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவிலும், மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்திலும் வழிகாட்டுதல் கிடைக்கும். வேலையில் இடைவெளி விழுந்தவர்கள், துறை மாறுகிறவர்கள், பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவத்தை இரண்டு பக்கத்தில் அடக்கத் தெரியாமல் திணறுகிறவர்கள் ஆகியோருக்குத்தான் இன்னொருவரின் கை உண்மையில் உதவும்.

படி 2: மாதிரியைக் கேட்டு வாங்கிச் சோதியுங்கள்

உங்கள் துறையில் அவர்கள் எழுதிய ஒரு ரெஸ்யூமேயைக் கேளுங்கள். வந்ததும் முதலில் மேல்பகுதியைப் பாருங்கள். யாரோ ஒரு வாடிக்கையாளரின் பெயரும் கைப்பேசி எண்ணும் அப்படியே இருந்தால் அந்தச் சேவை வேண்டாம். நாளை உங்கள் விவரமும் இப்படித்தான் ஊர் சுற்றும்.

அடுத்து அந்தப் பிடிஎஃப் கோப்பில் உள்ள எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். பெரிய நிறுவனங்கள் பல, விண்ணப்பங்களை ஏ.டி.எஸ். எனப்படும் மென்பொருளின் வழியாகவே வாங்குகின்றன. அது எழுத்துகளைத்தான் படிக்கும், அலங்காரத்தைப் பார்க்காது. பக்கத்தை இடம் வலமாக இரண்டு பத்தியாகப் பிரித்து வடிவமைத்த ரெஸ்யூமேயை நோட்பேடில் ஒட்டினால், வேலை பார்த்த ஆண்டுக்குப் பக்கத்தில் 'டாலி' என்ற கணக்கு மென்பொருளின் பெயர் வந்து நிற்கலாம், நிறுவனத்தின் பெயர் எங்கோ கீழே கிடக்கலாம். கைப்பேசி எண்ணைப் படமாக வைத்திருந்தால் அது ஒட்டப்படவே படாது. திறமைக்கு நட்சத்திரம் போடுவதும் வீண். டாலியில் நான்கு நட்சத்திரம் என்றால் யாருக்கு என்ன புரியும்?

என் விருப்பம்: இடம் வலமாகப் பிரிக்காத ஒரே பத்தி, வேர்டு கோப்பு, வண்ணமில்லாத எளிய எழுத்துரு. கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தின் வார்ப்புருக்கள் வடிவமைப்பாளர்களுக்குப் பொருந்தலாம். கணக்கர், பொறியாளர், விற்பனை மேலாளர் ஆகியோருக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 3: கேள்விகளைக் கவனியுங்கள்

பெரும்பாலானோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். 'பழைய ரெஸ்யூமேயை அனுப்புங்கள், இருபத்து நான்கு மணி நேரத்தில் புதியது தருகிறோம்' என்று சொல்கிறவர்கள் உங்கள் பழைய வரிகளுக்கு மேல்பூச்சு மட்டும்தான் பூசுவார்கள். 'டைனமிக்', 'ரிசல்ட் ஓரியன்டட்', 'டீம் பிளேயர்' போன்ற சொற்கள் மேலே வந்து உட்காரும். கீழே நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்பது முன்பு போலவே மங்கலாக இருக்கும்.

தங்கையின் பழைய ரெஸ்யூமேயில் 'ஜி.எஸ்.டி. வேலைகளைக் கவனித்தேன்' என்று ஒரு வரி இருந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்த பெண்மணி தொலைபேசியில் அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். எந்தப் படிவங்கள்? நீங்களே தாக்கல் செய்தீர்களா, ஆடிட்டர் அலுவலகத்துக்குத் தயாரித்துக் கொடுத்தீர்களா? கொள்முதல் பில்களை, சப்ளையர்கள் கணக்கில் காட்டிய பில்களின் ஜி.எஸ்.டி. பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யோடு ஒப்பிட்டது யார்? சப்ளையர் பில்லைக் கணக்கில் காட்டாமல் விட்டால் யார் பேசிச் சரிசெய்வார்?

அந்த உரையாடலுக்குப் பிறகு அந்த வரி, மாதந்தோறும் கொள்முதல் பட்டியலை ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களைச் சப்ளையர்களிடம் பேசிச் சேர்க்க வைத்து, உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் தொகையை) உறுதிசெய்தவர் என்று மாறியது. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் ஆண்டுக்கணக்காகச் செய்த வேலைதான் அது. சொல்லத்தான் தெரியாமல் இருந்தாள். நல்ல ரெஸ்யூமே எழுத்தாளருக்குக் கொடுக்கும் பணம் இதற்குத்தான்.

ஆகவே பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: 'எழுதுகிறவர் என்னோடு நேரடியாகப் பேசுவாரா? கேள்விப் பட்டியலை முன்கூட்டியே பார்க்கலாமா?' இரண்டுக்கும் மழுப்பினால் அடுத்தவரைத் தேடுங்கள்.

படி 4: இடைவெளியை மறைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்

நாங்கள் விசாரித்த ஓரிடத்தில், முந்தைய வேலையின் கடைசித் தேதியைச் சற்று நீட்டிப் போடலாம் என்றார்கள். இந்த யோசனையை ஒருபோதும் ஏற்காதீர்கள். பி.எஃப். பிடித்த வேலை என்றால், நீங்கள் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் யு.ஏ.என். எனப்படும் உங்கள் பி.எஃப். எண்ணின் கணக்கில் உள்ள பணி வரலாற்றில் இருக்கும். பின்னணிச் சரிபார்ப்பில் தேதி ஒத்துப்போகாவிட்டால் கைக்கு வந்த வேலையும் போய்விடும். குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டதில் மறைக்க என்ன இருக்கிறது? ஒரே வரியில் நேராக எழுதுங்கள்.

படி 5: பணமும் பாதுகாப்பும்

சொன்ன கட்டணத்தில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் 18 சதவீதம் கூடும். பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண், இலக்கங்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த 15 குறிகள் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவான எண் 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணை இட்டு, பதிவு செய்தவரின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளலாம். தனியாக எழுதித் தருகிற சிறிய எழுத்தாளரிடம் இந்த எண் இல்லாமலும் இருக்கலாம், அதற்காக அவரை ஒதுக்க வேண்டாம். பாதி முன்பணம், மீதி இறுதி வடிவம் வந்த பிறகு என்பதுதான் நியாயமான ஏற்பாடு. எத்தனை முறை இலவசமாகத் திருத்தித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆதார், பான் எண்களை ரெஸ்யூமே எழுதுகிறவருக்குத் தரத் தேவையே இல்லை. நௌக்ரி, லிங்க்ட்இன் கடவுச்சொல்லையும் ஓடிபி-யையும் யாருக்கும் தராதீர்கள். அவர்கள் எழுதித் தரட்டும், பதிவேற்றுவதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை 1: பிடிஎஃப் மட்டும் தந்துவிட்டு, வேர்டு கோப்புக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இரண்டு வடிவமும் வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஏற்ப இரண்டு மூன்று வரிகளையாவது மாற்ற வேண்டியிருக்கும், அதற்கு வேர்டு கோப்பு கையில் இருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 2: துபாய், தோஹாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் புகைப்படம் பற்றிக் கேட்டிருந்தார்கள். வளைகுடா நாடுகளில் புகைப்படம், குடியுரிமை, விசா நிலை ஆகியவற்றை ரெஸ்யூமேயில் எதிர்பார்ப்பது வழக்கம். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் புகைப்படம் வேண்டாம். எந்த நாட்டுக்கு என்று உங்களிடம் கேட்காமலேயே எழுதத் தொடங்குகிறவர் படி 3-லேயே தேறமாட்டார்.

பிற்சேர்க்கை 3: சாட்ஜிபிடி போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆங்கிலத்தைச் சீராக்க அது நன்றாகவே உதவும். ஆனால் நீங்கள் சொல்லாத சதவீதங்களைச் சில நேரம் தானாகச் சேர்த்துவிடும், வரிக்கு வரி சரிபாருங்கள். முதலில் படி 3-இல் உள்ளது போன்ற கேள்விகளை உங்களிடம் கேட்கச் சொல்லி, பதில்களைக் கொடுத்த பிறகு எழுதச் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை 4: பணம் வாங்கிக்கொண்டு பதிலே சொல்லாதவர்கள் மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி இணையவழியில் பணம் பறித்திருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். இரண்டுக்கும் பணம் கட்டிய ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் தேவைப்படும், அழித்துவிடாதீர்கள்.